எவரிஸ்தோ ஏன் வழி தவறினான்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பின்னால் நிற்பவர்களும் வாருங்கள். கடல் கதையை எட்ட நின்று கேட்டால் பாதியைக் காற்று கொண்டுபோய்விடும். ஒரு படகு, அதில் ஒரு கிழவன், ஒரு கிழவி, இரண்டு சைக்கிள். இன்றைய கதைக்கு இவ்வளவு போதும். அந்தப் படகு போக வேண்டிய பக்கம் போகாமல் வேறு பக்கம் போனது ஏன் என்று உங்களில் யாராவது முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டால் கையைத் தூக்குங்கள். பக்கத்து ஆள் காதில் மட்டும் ஓதிவிடாதீர்கள்.

கிழவியின் பெயர் நெலிடா, கிழவன் அன்செல்மோ. இருவருக்கும் அர்ஜென்டினாவில் ரொசாரியோதான் ஊர். அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவன். அவள் துறைமுகத்தில் தானியம் சோதிக்கும் கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். வேலை ஓய்ந்ததும் ‘கலாந்த்ரியா’ என்ற பழைய பாய்மரப் படகை வாங்கி அதிலேயே குடியேறிவிட்டார்கள். ஒன்பது வருடமாகத் தீவு தீவாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பிடித்த இடத்தில் நங்கூரம் போடுவார்கள், சலித்ததும் எடுப்பார்கள்.

நெலிடாவுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது. நூறு அடி நடந்தால் அதற்குமேல் கால் எழாது. ஆனால் சைக்கிளில் ஏற்றிவிட்டால் அரை நாள் மிதிப்பாள். நடக்கும்போது வலிக்கும் இடுப்பு மிதிக்கும்போது வலிக்காதது ஏன் என்று அவள் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அப்படி ஒரு நோட்டு அவளிடம் இருந்தது. பெலிக்கன் பறவை தலைகீழாகக் கடலில் விழுந்தும் கழுத்து ஏன் முறிவதில்லை, மழைக்கு முந்தின நாள் ரொட்டி மாவு ஏன் சீக்கிரம் பொங்குகிறது, இப்படி நோட்டு முழுக்க ஏன்தான். விடை கிடைத்தால் கீழே எழுதுவாள், கிடைக்காததற்கு இடம் விட்டு வைப்பாள்.

அன்செல்மோவிடம் சின்னதாக மடித்துப் பைக்குள் போடும் அலுமினிய சைக்கிள் இருந்தது. நெலிடாவுடையது முழு நீள இரும்பு சைக்கிள். கறுப்பு, கனம், மடியாது. முதலில் அதை மேல்தளத்தில், ஓரக் கம்பியோடு கட்டி வைத்திருந்தார்கள். உப்புத் தண்ணீர் பட்டுத் துரு வடிந்து வெள்ளைத் தளமெல்லாம் செம்பழுப்புக் கோடு விழுந்தது. ஒருநாள் பெரிய அலை ஒன்று கம்பியோடு சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. அதனால் மூன்று வாரத்துக்கு முன், கிரெனடாவில் நின்றபோது, அன்செல்மோ பின்பக்கக் கட்டிலின் அடிப்பலகையை அறுத்து, சைக்கிள் படுக்க அளவெடுத்தாற்போல் ஓர் அறை செய்தான். முன்சக்கரத்தையும் மிதிகளையும் கழற்றினால் உறைக்குள் கத்தி போல நுழைந்தது. அதை அவன் நாளுக்கு இரண்டு முறை திறந்து பார்த்து ரசித்தான்.

இனி எவரிஸ்தோ. அவன் ஆள் அல்ல, தானே சுக்கான் பிடிக்கும் கருவி. படகுக்காரர்கள் அதற்கு ஆள் பேர் வைத்துத்தான் கூப்பிடுவார்கள். எண்ணை அழுத்தி, இந்தத் திசையில் போ என்று சொன்னால் போதும், சாப்பாடு கேட்காமல், தூங்காமல், முனகாமல் போய்க்கொண்டே இருப்பான். அன்செல்மோவின் வலது தோள் கெட்டிருந்ததால் அரை மணிக்கு மேல் அவனால் சுக்கான் பிடிக்க முடியாது. நெலிடாவின் கால் சைக்கிள் என்றால் அன்செல்மோவின் கை எவரிஸ்தோ.

அந்தக் கை கிரெனடாவிலிருந்து கரியகூ தீவுக்கு வரும் வழியில் பிசகிவிட்டது.

காற்று நன்றாக இருந்தது. நெலிடா தேநீர்போல் குடிக்க மாத்தே இலையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால் ரோண்ட் தீவின் பாறைகள் இடப்பக்கமும் இல்லாமல் வலப்பக்கமும் இல்லாமல் நேர் எதிரே நிற்கின்றன. எவரிஸ்தோவின் எண் இருபது டிகிரி என்று காட்டியது. சுவரில் பதித்த பழைய திசைகாட்டி ஐம்பதை நெருங்கிவிட்டது.

"கிழவா, இவன் பொய் சொல்றான்."

அன்செல்மோ பாய்ந்து சுக்கானைப் பிடித்தான். பிடித்தவன் நாலு மணி நேரம் விடவில்லை. கரியகூவின் டிரெல் விரிகுடாவில் நங்கூரம் விழுந்தபோது வலது கையால் அவனால் தொப்பியைக்கூடக் கழற்ற முடியவில்லை. நெலிடாதான் கழற்றினாள்.

மறுநாள் அவன் எவரிஸ்தோவின் கையைக் கழற்றினான், பெல்ட்டைப் பார்த்தான், மோட்டாரைப் பார்த்தான், ஒயரெல்லாம் பார்த்தான். ஒரு குறையும் இல்லை.

"மூளை போயிடுச்சு," என்றான். "இந்த மாடல் இப்ப எங்கயும் வர்றதில்ல. கையால பிடிச்சிட்டுப் போற வயசு நமக்கும் இல்ல, கிழவி. படகைக் கரையேத்திடலாம். திங்கட்கிழமை தூக்க இடம் இருக்கான்னு படகு யார்டுல கேக்கப்போறேன். நாம வீட்டுக்குப் போவோம்."

வீடு என்றால் ரொசாரியோவில் மகன் குடியிருக்கும் மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லாத மாடி. அங்கே ஏறி உட்கார்ந்தால் நெலிடா மறுபடி இறங்குவது கோயில் திருவிழா போல வருடத்துக்கு ஒருமுறைதான்.

"மூளைதான் போச்சுன்னு எப்படித் தெரியும்?"

"மத்ததெல்லாம் இருக்கே."

"அது விடை இல்ல. நீ தேடுறதை நிறுத்திட்டேன்னு அர்த்தம்."

அன்செல்மோ சைக்கிள்களை வெளியே எடுத்தான். என்ன சண்டை என்றாலும் கரைக்குப் போகாமல் தீராது. கரைக்குப் போகும் சின்ன ரப்பர் படகில் அவன் மோட்டாரைப் பிடிக்க, அவள் முன்சக்கரத்தைக் கழுத்தில் மாலையாகப் போட்டு, சட்டத்தை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். கரையில் மிதிகளைப் பூட்டும்போது அவன் வழக்கம்போல இடது மிதியைத் தப்பான பக்கம் திருகினான்.

"இடது மிதி மட்டும் எல்லாத்துக்கும் எதிர்ப்பக்கம் சுத்தும், கிழவா. உன்னை மாதிரி. ஒன்பது வருஷமா சொல்றேன்."

கடற்கரையில் கடல்திராட்சை மரத்தடியில் அயான்தி கடை போட்டிருந்தாள். எண்ணெயில் பொரித்த ரொட்டி, உள்ளே உப்புக்கருவாடு. அவள் அப்பா விண்ட்வர்ட் கிராமத்தில் மரப்படகு கட்டினவர், ஆகையால் படகைப் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை என்பது அவள் கட்சி. நடந்ததைக் கேட்டுவிட்டு, கரண்டியை நீட்டிக் கேட்டாள்.

"கேப்டன், உங்க படகைத் தண்ணில இறக்கின அன்னிக்கு ஆடு வெட்டுனீங்களா?"

"அது பிளாஸ்டிக் படகு, அயான்தி. தொழிற்சாலைல அச்சுல வார்த்தது."

"அதான். பாதிரியார் இல்ல, ரம் இல்ல, ஆட்டு ரத்தம் இல்ல. பேர் வைக்காத பிள்ளை மாதிரி, கூப்பிட்ட திசைக்கு எப்படித் திரும்பும்?"

"ஒன்பது வருஷம் திரும்புச்சே," என்றாள் நெலிடா.

"அப்ப ஜென்னியோட வேலை. ரோண்ட் தீவுப் பக்கம் கடலுக்கடியில எரிமலை இருக்கில்ல, கிக் எம் ஜென்னி. அவ மேல போனா இழுத்துப் பாப்பா."

ஆட்டை நெலிடா விட்டுவிட்டாள். ஜென்னியை நோட்டில் எழுதிக்கொண்டாள். யார் சொன்னாலும், சோதிக்க முடிந்ததை எழுதிக்கொள்வது தானியக் கூடத்தில் படிந்த பழக்கம்.

அயான்தி இரும்பு சைக்கிளின் சீட்டைத் தட்டிப் பார்த்தாள். "ஊருக்குப் போறதுன்னா இதை எங்க தூக்கிட்டுப் போவீங்க, மிஸ் நெலி? என்கிட்ட விட்டுட்டுப் போங்க. என் காலுக்கு இது சரியா இருக்கும்."

"நான் இன்னும் சாகலையே, அயான்தி."

"சாக வேண்டாம். போனா போதும்."

அன்று ஹில்ஸ்பரோ ஊர் வரை மிதித்துப் போய்த் திரும்பும்போது அலை ஏறிவிட்டது. அந்த அலையில் சைக்கிளோடு ரப்பர் படகில் ஏறினால் மீனுக்குத்தான் சவாரி. இரண்டையும் அயான்தியின் மரத்தில் பூட்டி, சாவியை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தார்கள்.

அலை மறுநாளும் அடங்கவில்லை. படகைக் கரையேற்றுமுன் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்ட வேண்டும் என்று அன்செல்மோ சொன்னான். அதற்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும். பக்கத்தில் சாண்டி தீவு இருக்கிறது. வெறும் மணல் திட்டு, நாலு தென்னை, ரோடே இல்லை. சைக்கிள் இல்லாமலே கிளம்பினார்கள். விரிகுடாவைத் தாண்டியதும், மனைவிக்கு ஒரு பாடம் புகட்டுவதற்காகவே அன்செல்மோ எவரிஸ்தோவை முடுக்கினான்.

"பாரு. இப்ப வலது பக்கம் ஓடப்போறான்."

எவரிஸ்தோ ஓடவில்லை. நூல் பிடித்தாற்போல் போனான். எண் பத்து, பழைய திசைகாட்டியும் பத்து. திரும்பும்போதும் அப்படியே. அன்செல்மோ சந்தேகமாக அவனை முறைத்தான். பிறகு தட்டிக்கொடுத்தான். பிறகு பாடத் தொடங்கினான்.

"ஜென்னி விட்டுட்டா," என்றாள் நெலிடா. அவளுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் சோற்றை வேகுமுன் இறக்கிவிட்டதுபோல் மனதுக்குள் ஒரு நறுநறுப்பு. காரணம் தெரியாமல் குணமான நோய், காரணம் தெரியாமல் திரும்பியும் வரும்.

வெள்ளிக்கிழமை கடல் தணிந்தது. சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு வடக்கே யூனியன் தீவுப் பக்கம் கிளம்பினார்கள். அரை மணி ஆகவில்லை, எவரிஸ்தோ மறுபடி வலப்பக்கம் நழுவினான். இந்தமுறை ஜென்னி எங்கோ தெற்கே, பத்து மைலுக்கு அப்பால் இருந்தாள். அன்செல்மோ பல்லைக் கடித்துக்கொண்டு கையால் திருப்பிக் கொண்டுவந்தான், நங்கூரம் போட்டான், ரப்பர் படகை எடுத்தான்.

"யார்டுக்குப் போறேன். திங்கட்கிழமைக்குச் சொல்லிட்டு வந்துடறேன்."

அவன் போனதும் நெலிடா நோட்டைத் திறந்தாள். நடுவில் கோடு கிழித்தாள். ஒரு பக்கம் எவரிஸ்தோ ஒழுங்காக இருந்த நாள், மறுபக்கம் பைத்தியம் பிடித்த நாட்கள். காற்று என்று எழுதினாள், இரண்டு பக்கமும் கிழக்குக் காற்று, அடித்தாள். பேட்டரி, இரண்டிலும் நிறைவு, அடித்தாள். ஓடின வேகம், ஏறின பாய், எல்லாம் அடிபட்டுப் போயின. கடைசியில், யார் யார் படகில் இருந்தார்கள் என்று எழுதினாள். நான், கிழவன், எவரிஸ்தோ. அங்கே பேனா நின்றது.

சாண்டி தீவுக்குப் போன அன்று சைக்கிள்கள் அயான்தியின் மரத்தடியில் இருந்தன.

கை தூக்கியவர்கள் இறக்கிக்கொள்ளலாம். இன்னும் பாதிதான் ஆகியிருக்கிறது.

எவரிஸ்தோவின் கை மேலே சுக்கான் பக்கத்தில் இருக்கிறது. எந்தத் திசையில் போகிறோம் என்று பார்க்கிற கண் எங்கே? பழைய பக்கங்களைப் புரட்டினாள். ஒன்பது வருடத்துக்கு முன் அவளே வரைந்த படம் கிடைத்தது. பின்கட்டிலின் அடியில், பலகைக்குப் பின்னால், தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி. அதற்குள்ளும் ஒரு திசைகாட்டிதான்.

நெலிடா கைத்திசைகாட்டியை எடுத்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி கட்டிலடியில் குனிந்தாள். முதலில் அன்செல்மோவின் அலுமினிய சைக்கிளை மட்டும் பக்கத்தில் வைத்தாள். முள் லேசாகச் சிலிர்த்து அடங்கியது. அதை எடுத்துவிட்டுத் தன் சைக்கிளைத் தள்ளினாள். நாயின் மூக்குக்கு நேரே எலும்பை நீட்டினாற்போல் முள் திரும்பியது. வெளியே இழுத்தாள், முள் வடக்கே போனது. தள்ளினாள், முள் சைக்கிளைப் பார்த்தது. ஐந்து தடவை செய்தாள். ஒரு தடவை போதும்தான், ஆனால் இத்தனை அழகான விடையை ஒரே தடவை பார்த்துவிட்டு விட மனம் வரவில்லை.

பிறகுதான் கட்டிலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபோதுதான் மற்றது உறைத்தது. சொன்னால் சைக்கிள் போகும். சொல்லாவிட்டால் படகு போகும்.

தூரத்தில் ரப்பர் படகின் மோட்டார் சத்தம் கேட்டது. பலகையை மூடிவிடலாமா என்று ஒரு கணம் கை போனது. மூடவில்லை. விடையைத் தெரிந்துகொண்டு இடத்தை வெறுமையாக விடுவது நோட்டுக்குச் செய்யும் துரோகம்.

அன்செல்மோ உள்ளே தலையை நீட்டினான். "திங்கட்கிழமை எட்டு மணிக்கு."

"எவரிஸ்தோவுக்குப் பைத்தியம் இல்ல, கிழவா."

"பின்ன எனக்கா?"

"பாதி. வந்து இங்க குனி."

குனிந்து பார்த்தான். அவளே சைக்கிளைத் தள்ளிக் காட்டினாள், இழுத்துக் காட்டினாள். அவன் திசைகாட்டியை அவள் கையிலிருந்து வாங்கி, தானும் தள்ளி இழுத்துப் பார்த்தான்.

"அந்தப் பெட்டியை மாட்டினதும் நான். பலகையை அறுத்ததும் நான்."

"அளவு ரொம்பச் சரியா அறுத்த."

"நாலு மணி நேரம் எவரிஸ்தோவைக் கெட்ட வார்த்தைல திட்டினேன்."

"அவன் தப்பா நினைக்க மாட்டான். ஸ்பானிஷ் தெரியாது, ஜப்பான்காரன்."

அன்செல்மோ சிரித்தான். சிரிப்பு முடிந்ததும் சைக்கிளைப் பார்த்தான். அவள் அந்தப் பார்வைக்குத்தான் பயந்திருந்தாள்.

"அப்ப இது இறங்கணும், நெலி," என்றான் தணிந்த குரலில். "மேல கட்டினா கடல் தின்னுடும். உள்ள இருந்தா நம்மளைப் பாறையில கொண்டுபோய் விடும்."

அவள் தலையாட்டப் போனாள். ஆட்டுவதற்கு முன் முப்பது வருடக் கூடத்துப் பழக்கம் வாய்க்கு வந்தது. ஒரு நேரத்தில் ஒரு பொருளை மாற்று. சரி, எந்தப் பொருளை?

"அந்தக் கண்ணு ஏன் அங்க இருக்கு?"

"எப்பவும் அங்கதான் இருக்கு."

"அது விடை இல்ல. அங்க ஏன் வச்ச?"

"ஒயர் அதுவரைக்கும்தான் எட்டுச்சு."

"அப்ப இந்தப் படகுக்குக் கேப்டன் ஒயரா?"

அவன் தீப்பெட்டி அளவுப் பெட்டியைப் பார்த்தான், பதினெட்டு கிலோ சைக்கிளைப் பார்த்தான், மறுபடி பெட்டியைப் பார்த்தான். மெக்கானிக்குக்கு வெட்கம் வந்தால் காது சிவக்கும். இரண்டு காதும் சிவந்தன.

அந்தச் சனிக்கிழமை காலை முழுக்கக் கலாந்த்ரியாவின் இரண்டு கிழங்களும் ஒரு திசைகாட்டியை ஏந்திக்கொண்டு, புதையல் தேடுவது போல் படகுக்குள் முழங்காலில் திரிந்தார்கள். முன்பக்கம் நங்கூரச் சங்கிலி, முள் அங்கே திரும்பியது. நடுவே என்ஜின், அங்கேயும் திரும்பியது. தக்காளி டப்பாக்கள்கூட இழுத்தன. கடைசியில் துணி அலமாரியின் கீழ்த்தட்டில், அன்செல்மோவின் குளிர்காலச் சட்டைகளுக்கு நடுவில், முள் கிட்டத்தட்ட அமைதியானது. முழுதாக அல்ல. எதுவோ மெல்லச் சுரண்டியது.

"பின்சுவருக்கு அந்தப் பக்கம் என்ன?"

அன்செல்மோவுக்குத் தெரியும். தெரிந்தும் தாமதமாகச் சொன்னான். "என் கிரில்லு."

மாட்டு விலாவை நெருப்பில் சுடுகிற இரும்புக் கம்பித் தட்டு. அவன் அப்பா பட்டறையில் அடித்தது. அதைத் தொட்டால் அர்ஜென்டினாவைத் தொட்டாற்போல்.

"அதுக்கு அங்கதான் ஈரம் ஏறாது, கிழவி."

"என் சைக்கிள் பக்கத்துல படுக்கட்டும். ரெண்டும் ஒரே இரும்புச் சாதி. சண்டை வராது."

முனகிக்கொண்டே எடுத்தான். கிரில் கட்டிலடிக்குப் போனது. முள் வடக்கைப் பார்த்து அசையாமல் நின்றது.

அந்த இடத்துக்கு ஒயர் மூன்று மீட்டர் குறைவாக இருந்தது. அதற்கும் படகுக்காரர்களிடம் வழி இருக்கிறது. ஞாயிறு காலை எட்டு மணிக்கு, விரிகுடாவில் நிற்கும் படகெல்லாம் ரேடியோவில் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும் நேரத்தில், நெலிடா ஒலிவாங்கியை எடுத்தாள்.

"கலாந்த்ரியா பேசறேன். நாலு கம்பி ஒயர் மூணு மீட்டர் யார்கிட்டயாவது இருக்கா? பதிலுக்கு என் கிழவன் இன்னிக்குக் கடற்கரையில விலா சுட்டுத் தருவான்."

மூன்று படகிலிருந்து ஒயர் வந்தது. ஒரு கியூபெக் படகுக்காரி ஒயர் இல்லாமலே தட்டோடு வருவதாகச் சொன்னாள்.

மாலைக்குள் கண் புது இடத்தில் உட்கார்ந்தது. இடம் மாறின கண்ணுக்குத் திசையைக் கற்றுக்கொடுக்கப் படகை மெதுவாக வட்டமடிக்க வேண்டும். அன்செல்மோ விரிகுடாவின் நடுவில் சுற்றத் தொடங்கினான். ஒரு சுற்று, இரண்டு சுற்று, சந்தேகத்துக்கு மூன்றாவது. கரையில் அயான்தி கரண்டியோடு எழுந்து நின்றாள். அவள் குரல் தண்ணீருக்கு மேல் தெளிவாக வந்தது.

"இப்ப கேப்டனுக்கும் பிடிச்சிருச்சு. அன்னிக்கே சொன்னேன், ஒரு ஆடு வெட்டியிருக்கலாம்."

திங்கட்கிழமை எட்டு மணிக்கு யார்டுக்காரர்கள் தூக்க வேறு படகைத் தேடிக்கொண்டார்கள். நெலிடா அயான்தியிடம் விடைபெறப் போனாள். முந்தின மாலை விருந்துக்குக் கொண்டுவந்து மரத்தடியில் விட்டிருந்த சைக்கிள் அங்கே இல்லை. கொஞ்ச நேரத்தில் அயான்தி மணியடித்துக்கொண்டு, ரோட்டு வளைவிலிருந்து இறங்கி வந்தாள்.

"கடைசியா ஒரு ரவுண்டு, மிஸ் நெலி. கோவிச்சுக்காதீங்க."

"சீட்டு ஏன் இறங்கியிருக்கு?"

"அது உங்களுக்கு உயரமா இருந்துச்சு. நீங்க மிதிக்கறதை இத்தனை நாளா பாத்துட்டுத்தான் இருக்கேன்."

நெலிடா ஏறி மிதித்துப் பார்த்தாள். உண்மைதான். மிதிக்கும்போது வலது இடுப்பில் மிச்சமிருந்த லேசான முணுமுணுப்பும் இல்லை. ஏன் என்று அப்போதே நோட்டில் எழுதினாள். பொரித்த ரொட்டி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, முன்சக்கரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ரப்பர் படகில் உட்கார்ந்தாள்.

யூனியன் தீவுக்குப் போகும் வழியில் எவரிஸ்தோவின் எண்ணையும் சுவர்த் திசைகாட்டியையும் கால் மணிக்கு ஒருமுறை ஒத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே சொல். கட்டிலடியில் சைக்கிளும் கிரில்லும் அலைக்கு ஒருமுறை உரசிக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. அன்செல்மோ கெட்ட தோளுக்கு ஒரு தலையணையை முட்டுக்கொடுத்துக்கொண்டு, இரண்டு கையும் சும்மா இருக்க, வாய் திறந்து தூங்கினான்.

உங்கள் வீட்டிலும், கண்ணுகளா, இரும்பு தன் இடத்தில் கிடக்கட்டும், கண் தன் இடத்தில் விழித்திருக்கட்டும். வலிக்கிற மூட்டுக்கு ஏற ஒரு சைக்கிளும், ஓய்ந்த தோளுக்குத் தாங்க ஒரு கையும் உங்கள் கூரைக்கடியில் குறையாதிருக்கட்டும். யார் மேல் பழி விழுந்தாலும், கட்டிலடியில் குனிந்து பார்க்க ஒருவர் அந்த வீட்டில் எப்போதும் இருக்கட்டும்.